அளவுக்கு மீறிய மருந்தும் இதயச் செயலிழப்பும்: அவசர சி.டி. ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

மூச்சுத் திணறலுடனோ மயக்கத்துடனோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும்போது, வெளியே காத்திருக்கும் குடும்பத்தினர் பெரும்பாலும் ஒரே நம்பிக்கையில் இருக்கின்றனர்: ‘படம் எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்.’ இந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. நோயாளியின் இதயம் தளர்ந்துவிட்டது என்பதை ஸ்கேன் காட்டக்கூடும். எந்த மருந்தினால் அது தளர்ந்தது என்பதை ஸ்கேன் காட்டாது. அந்த விடை பெரும்பாலும் வீட்டில் கிடக்கும் காலி மாத்திரை அட்டையில்தான் இருக்கிறது. அதை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பது உடன் வருபவராகிய உங்கள் பொறுப்பு.

இப்போதே அப்படியொரு நிலை உங்கள் வீட்டில் நேர்ந்திருந்தால், இப்பக்கத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டு 108 எண்ணை அழையுங்கள். எஞ்சியவற்றைப் பின்னர் படித்துக்கொள்ளலாம்.

இதை ஏன் இப்போது அறிந்திருக்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், உயர் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குடைவரைக் கோயிலால் அறியப்படும் தளவானூர் போன்ற செஞ்சி வட்டாரச் சிற்றூர்களிலும், இன்று முதியோர் உள்ள வீடுகளில் ஒரு மாத்திரைப் பெட்டி இருப்பது இயல்பாகிவிட்டது. இது நல்ல மாற்றம். இம்மாத்திரைகளை ஒழுங்காக உட்கொள்வதால் பக்கவாதமும் மாரடைப்பும் தவிர்க்கப்படுகின்றன. ஆகவே, இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரும் தமது மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஆயினும், உயிர் காக்கும் அதே மாத்திரை அளவு மீறினால் இதயத்தைத் தளரச் செய்யும். அளவு மீறுவது பல வழிகளில் நேர்கிறது. பாட்டியின் மாத்திரையை மிட்டாய் என எண்ணிக் குழந்தை விழுங்கிவிடுகிறது. மறதி கொண்ட முதியவர் காலையில் உட்கொண்டதை மறந்து மீண்டும் உட்கொள்கிறார். அரசு மருத்துவமனையில் ஒரு பெயரிலும் தனியார் மருந்தகத்தில் வேறொரு வணிகப் பெயரிலும் பெற்ற ஒரே மருந்தை, இரு வேறு மருந்துகள் எனக் கருதிச் சிலர் சேர்த்து உட்கொள்கின்றனர். சிறுநீரகம் தளர்ந்தவரின் உடலில், சரியான அளவில் உட்கொண்ட மருந்தே வெளியேறாமல் தேங்கி நஞ்சாகிவிடுவதும் உண்டு. மன வேதனையின் உச்சத்தில் ஒருவர் கையில் கிடைத்த மாத்திரைகளை விழுங்கிவிடுவதும் நிகழ்கிறது. காரணம் எதுவாயினும், மருத்துவமனையில் முதலில் எழும் வினா ஒன்றே: உள்ளே சென்றது என்ன?

இந்த வினாவுக்கு விடை தாமதமாவதன் விலையை விழுப்புரம் மாவட்டம் வேறொரு வகையில் அறிந்திருக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் அண்டை மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைப் பறித்தது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவை மாத்திரையால் நேர்ந்தவை அல்ல. மெத்தனால் முதன்மையாகத் தாக்குவது கண் நரம்பையும் மூளையையும். எனினும் பாடம் ஒன்றே. வாந்தி, வயிற்றுவலி, மங்கிய பார்வை ஆகியவற்றுடன் வந்தவர் குடித்தது மெத்தனால் என்று தெரிந்தால்தான் அதற்குரிய முறிமருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உரிய நேரத்தில் தொடங்கும். முதல் சில மணி நேரத்தில் எடுக்கும் மூளை ஸ்கேன் இயல்பாகவே தோன்றக்கூடும்; மாற்றங்கள் தெரியும் வேளையில் தீங்கு நேர்ந்து முடிந்திருக்கும். படத்துக்காகக் காத்திருப்பவரைவிட, நடந்ததைச் சொல்பவரே நோயாளிக்கு அதிகம் உதவுகிறார்.

மருந்து இதயத்தை எவ்வாறு தளரச் செய்கிறது?

இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்குவதற்கும் அதன் உயிரணுக்களுக்குள் கால்சியம் நுழைய வேண்டும். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகள் இக்கால்சியத்தின் வழியை ஓரளவு அடைக்கின்றன. வேறு சில, இதயத்தை முடுக்கும் நரம்புத் தூண்டுதலைக் குறைக்கின்றன. உரிய அளவில் இவை இதயத்தின் சுமையைக் குறைத்து நன்மை செய்கின்றன. அளவு மீறும்போது துடிப்பு மிகவும் குறைந்து, சுருங்கும் ஆற்றலும் குன்றி, இரத்த அழுத்தம் சரிகிறது. இதய நோய்க்குத் தரப்படும் டிகாக்சினும், மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் சிலவும் இதயத்தின் மின்னோட்டத்தைக் குலைத்துத் துடிப்பைத் தாறுமாறாக்குகின்றன.

இங்கே இரு வகைப் பாதிப்புகளைப் பிரித்தறிய வேண்டும். கிணற்று மோட்டாரை எண்ணிப் பாருங்கள். மோட்டார் வலுவிழந்தால் வயலுக்கு நீர் பாயாது. மோட்டார் நன்றாக ஓடினாலும், வாய்க்காலின் கரை சரிந்து அகன்றுவிட்டால் கடைமடைக்கு நீர் எட்டாது. அவ்வாறே, சில மருந்துகள் இதயம் என்னும் மோட்டாரைத் தளர்த்துகின்றன. சில, இரத்தக் குழாய்களை அளவின்றி விரியச் செய்கின்றன. சில இரண்டையும் செய்கின்றன. இரு நிலையிலும் இரத்த அழுத்தம் குறைந்தே காணப்படும். ஆனால் தர வேண்டிய சிகிச்சை வேறு. முதல் வகையில் அதிகமாக நரம்பு வழி நீர் ஏற்றினால் அது நுரையீரலில் தேங்கித் தீங்கு விளைவிக்கக்கூடும்.

இதயம் முன்னோக்கி அனுப்பத் தவறிய இரத்தம் பின்னால் தேங்குகிறது. இடப்பக்க இதயம் தளர்ந்தால் தேக்கம் நுரையீரலில் ஏற்பட்டு, காற்றறைகளுக்குள் நீர் கசிகிறது. வலப்பக்கம் தளர்ந்தால் தேக்கம் கல்லீரலுக்கும் பெருஞ்சிரைக்கும் பரவுகிறது. இவ்விரு தேக்கங்களையே சி.டி. ஸ்கேன் படமாக்கிக் காட்டுகிறது.

முதலில் செய்வது ஸ்கேன் அன்று

அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் பார்ப்பவை சுவாசம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, சர்க்கரை அளவு ஆகியன. அடுத்து இ.சி.ஜி. எடுக்கப்படும். இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதை நேரடியாகக் காட்டுவது எக்கோ பரிசோதனை. அதைப் படுக்கையருகிலேயே செய்துவிட இயலும். இரத்தச் சர்க்கரை அளவும் ஒரு குறிப்பைத் தரும். நீரிழிவு இல்லாத ஒருவருக்கு இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் குறைந்து, சர்க்கரை மட்டும் உயர்ந்து காணப்பட்டால், கால்சியம் வழியை அடைக்கும் வகை மாத்திரை உள்ளே சென்றிருக்கலாம் என மருத்துவர் ஐயுறுவார்.

அப்படியானால் சி.டி. ஸ்கேன் எதற்கு? நடந்தது என்னவென்று தெரியாதபோது அது தேவைப்படுகிறது. மயங்கிக் கிடப்பவருக்குத் தலையில் அடிபட்டிருக்கலாம், பக்கவாதம் வந்திருக்கலாம், நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம், பெருந்தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். இவற்றைத் தேடி எடுக்கும் ஸ்கேனில், தேடாத ஒன்றாக இதயச் செயலிழப்பின் அடையாளங்கள் வெளிப்படுவதுண்டு.

இரத்த அழுத்தம் நிலையாக இல்லாத நோயாளியை ஸ்கேன் அறைக்கு நகர்த்துவதே ஆபத்தானது. எனவே, ‘இப்போது ஸ்கேன் வேண்டாம், முதலில் அழுத்தத்தை நிலைப்படுத்துவோம்’ என்று மருத்துவர் கூறினால், அதனை அலட்சியம் எனக் கருத வேண்டாம். அது நோயாளியின் பாதுகாப்புக்கான முடிவு.

ஸ்கேனில் தெரியும் அடையாளங்கள்

நுரையீரலில்: நலமான நுரையீரல் காற்று நிறைந்திருப்பதால் படத்தில் கருமையாகத் தோன்றும். நீர் கசியும்போது, பனி படர்ந்த கண்ணாடியைப் போல வெளிறிய பகுதிகள் தோன்றும். இதயச் செயலிழப்பில் இவை பெரும்பாலும் இரு நுரையீரல்களின் நடுப்பகுதியிலும், விரித்த சிறகுகளைப் போல ஒத்த அமைப்பில் காணப்படும். நுரையீரலின் நுண்ணறைகளைப் பிரிக்கும் மெல்லிய சுவர்கள் தடித்துக் கோடுகளாகத் தெரியும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் இருபுறமும் நீர் சேர்ந்திருக்கலாம்.

இரத்தக் குழாய்களில்: சில ஸ்கேன்களுக்குக் கைச் சிரை வழியாக ‘கான்ட்ராஸ்ட்’ எனப்படும் சாயமருந்து செலுத்தப்படும். இதயம் நன்கு இயங்கினால், அம்மருந்து வலப்பக்க இதயம், நுரையீரல், இடப்பக்க இதயம் ஆகியவற்றைக் கடந்து அரை நிமிடத்துக்குள்ளாகவே பெருந்தமனியில் வெண்மையாக ஒளிரும். இதயம் மிகவும் தளர்ந்திருந்தால் மருந்து முன்னே செல்லாது. அது கீழ்ப் பெருஞ்சிரைக்குள்ளும் கல்லீரல் சிரைகளுக்குள்ளும் பின்னோக்கி இறங்கும். பெருந்தமனியோ ஒளிராமல் மங்கியே நிற்கும்.

இதனினும் கடுமையான நிலை ஒன்று உண்டு. நோயாளி மல்லாந்து படுத்திருக்கையில், இரத்தத்தைவிடக் கனமான சாயமருந்து, ஓட்டமில்லாத நீரில் வண்டல் படிவதுபோல, உடலின் கீழ்ப்புறமாகத் தாழ்ந்து ஒரு மட்டமாகத் தேங்கும். இதயம் ஏறத்தாழ நின்றுவிட்டது, அல்லது நின்றுவிடப் போகிறது என்பதன் எச்சரிக்கை இது. இதைக் கண்டவுடன் ஸ்கேன் நிறுத்தப்பட்டு, அவ்விடத்திலேயே உயிர்மீட்புச் சிகிச்சை தொடங்கப்படும். ஸ்கேன் அறையை நோக்கி மருத்துவக் குழுவினர் திடீரென ஓடுவதை நீங்கள் காண நேர்ந்தால், அதற்கு இத்தகைய காரணம் இருக்கக்கூடும்.

வயிற்றுப் பகுதியில்: கீழ்ப் பெருஞ்சிரையின் பருமன் பயனுள்ள குறிப்பைத் தருகிறது. இதயம் தளர்ந்து இரத்தம் தேங்கினால் அது புடைத்திருக்கும். நீரிழப்பாலோ இரத்தப்போக்காலோ அழுத்தம் குறைந்திருந்தால் அது தட்டையாகச் சுருங்கியிருக்கும். மோட்டார் பழுதா, நீர்ப் பற்றாக்குறையா என்னும் வினாவுக்கு இது ஓரளவு விடையளிக்கிறது.

இவ்வடையாளங்களுள் எதுவும் தனித்து முடிவு கூறுவதில்லை. சாயமருந்தை விரைவாகச் செலுத்தினால் நலமானவருக்கும் அது சிறிதளவு பின்னோக்கிச் செல்வதுண்டு. ஆகவே கதிரியல் மருத்துவர் எல்லா அடையாளங்களையும் சேர்த்தே எடைபோடுகிறார். ஸ்கேன் அறிக்கையில் ஒரு வரியை மட்டும் படித்து அஞ்ச வேண்டாம்.

பழைய இதய நோயா, புதிதாக நேர்ந்த பாதிப்பா?

இதயச் செயலிழப்பு பெரும்பாலும் மாதங்களாக, ஆண்டுகளாக வளர்வது. அத்தகையவரின் ஸ்கேனில் இதய அறைகள் விரிந்து, இதயம் பெருத்துக் காணப்படும். இதயத் தமனிகளில் சுண்ணப் படிவுகள் தெரியலாம். அளவுக்கு மீறிய மருந்தோ சில மணி நேரத்தில் இதயத்தைத் தளர்த்துகிறது. இதயம் பெருப்பதற்குக் காலம் இருப்பதில்லை. ஆகவே, இதயத்தின் அளவு ஏறத்தாழ இயல்பாகவும் நுரையீரல் மட்டும் நீர் நிறைந்தும் காணப்பட்டால், புதிதாக ஏதோ நேர்ந்துள்ளது என மருத்துவர் எண்ணுவார். அது கடுமையான மாரடைப்பாகவும் இருக்கலாம், இதயத் தசை அழற்சியாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. அபின் வகை வலிநிவாரணிகள் அளவு மீறும்போது, இதயம் தளராமலேயே நுரையீரலில் நீர் கோக்கக்கூடும். மயக்கத்தில் வாந்தி எடுத்தவர் அதை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்டாலும் நுரையீரலில் வெளிறிய பகுதிகள் தோன்றும். படுத்திருக்கும் நிலையில் முதுகுப்புறத்திலும் அடிப்பகுதியிலும் அவை மிகுதியாகக் காணப்படும். இம்மூன்றையும் பிரித்தறிவதற்கு எக்கோவும் இ.சி.ஜி.யும் தேவை. அனைத்துக்கும் மேலாக, நடந்ததை அறிந்தவரின் சொல் தேவை.

ஸ்கேன் காட்டாதவை

மருந்தின் பெயரை ஸ்கேன் காட்டாது. எத்தனை மாத்திரைகள், எப்போது உட்கொள்ளப்பட்டன என்பதையும் காட்டாது. சில வகை மாத்திரைகள் வயிற்றில் வெண்புள்ளிகளாகத் தெரிவதுண்டு, பெரும்பாலானவை தெரிவதில்லை. வயிற்றில் மாத்திரை தென்படவில்லை என்பதால் எதுவும் உட்கொள்ளப்படவில்லை என்று கொள்ள இயலாது. மருத்துவமனைகளில் செய்யப்படும் வழக்கமான இரத்தப் பரிசோதனைகளும் எல்லா மருந்துகளையும் கண்டுபிடிப்பதில்லை.

மேலும், மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் பல மணி நேரம் கழித்தே முழு விளைவைக் காட்டும. அதுவரை நோயாளி எழுந்து அமர்ந்து இயல்பாகப் பேசலாம். ஸ்கேனும் இயல்பாக இருக்கலாம். ‘நன்றாகத்தானே இருக்கிறார்’ என்று எண்ணி, மருத்துவரின் அறிவுரையை மீறி வீட்டுக்கு அழைத்துச் சென்றுவிடாதீர்கள். ஓர் இரவு முழுவதும், தேவையெனில் அதற்கு மேலும், கண்காணிப்பில் இருப்பதே பாதுகாப்பு.

நீங்கள் கொண்டுவர வேண்டியவை, சொல்ல வேண்டியவை

• காலியானவை உட்பட வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள், புட்டிகள் அனைத்தும். நோயாளியுடையவை மட்டுமன்றி, வீட்டில் மற்றவர்கள் உட்கொள்பவையும் தேவை. எடுத்துவர நேரமில்லையெனில் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; வீட்டில் இருப்பவரை அனுப்பச் சொல்லுங்கள்.

• மருத்துவச் சீட்டு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அட்டை, பழைய இ.சி.ஜி., எக்கோ அறிக்கைகள்.

• கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம். உட்கொண்டதாகக் கருதப்படும் நேரம். துல்லியமாகத் தெரியாவிடில் ‘மாலை பால் கறக்கும் நேரத்துக்கு முன்’ என்பது போன்ற குறிப்பும் உதவும்.

• நாட்டு மருந்து, மது, பூச்சிக்கொல்லி ஆகியவை உள்ளே சென்றிருக்கக்கூடுமா என்பது.

• இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள நோய்.

சாயமருந்துடன் ஸ்கேன் எடுப்பதாயின் மேலும் சிலவற்றைச் சொல்லுங்கள்: முன்பு சாயமருந்தினால் ஒவ்வாமை ஏற்பட்டதா, சிறுநீரகக் குறைபாடு உண்டா, பெண் எனில் கருவுற்றிருக்க வாய்ப்பு உண்டா, நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்கிறாரா. சிறுநீரகம் தளர்ந்தவர்கள் ஸ்கேனுக்குப் பிறகு 48 மணி நேரம் மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, சிறுநீரகப் பரிசோதனைக்குப் பின் மீண்டும் தொடங்குமாறு அறிவுறுத்தப்படுவர். உயிருக்கு ஆபத்தான நிலையில் இக்காரணங்களால் ஸ்கேன் கைவிடப்படுவதில்லை. நன்மை தீமைகளை ஒப்பிட்டு மருத்துவர் முடிவெடுப்பார்.

செய்யக் கூடாதவை

உப்புக் கரைசல், சோப்புத் தண்ணீர், சாணக் கரைசல், புளிக் கரைசல் ஆகியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள். மயக்க நிலையில் வரும் வாந்தி நுரையீரலுக்குள் சென்று, பிழைத்திருக்கக்கூடியவரையும் பலிகொள்ளக்கூடும். வாய்வழியாக எதுவும் தர வேண்டாம். மூச்சு விடுகின்ற, ஆனால் நினைவு மங்கியவரை ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றுவிட்டால், 108 பணியாளர் தொலைபேசியில் கூறும் முறைப்படி நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்.

எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதை 108 ஊர்தியின் அவசர மருத்துவ நுட்புநரிடம் விட்டுவிடுங்கள். செஞ்சி வட்டாரத்திலிருந்து முதலுதவிக்குச் செஞ்சி அரசு மருத்துவமனையும், உயர் சிகிச்சைக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், தேவைப்படின் புதுச்சேரி ஜிப்மரும் உள்ளன. ‘டி.ஏ.இ.ஐ.’ எனப்படும் தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின் கீழ், நோயாளிகள் நிலையின் கடுமைக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்தப்படுகின்றனர். வந்த வரிசையில் அன்றி, ஆபத்தின் வரிசையிலேயே சிகிச்சை தரப்படும்.

‘காவல் நிலையத்துக்குப் போய்விடுமோ’ என்னும் அச்சம்

மாத்திரையை மிகுதியாக உட்கொண்டதை மறைத்து, ‘நெஞ்சுவலி’ என்றோ ‘காய்ச்சலில் மயங்கிவிட்டார்’ என்றோ குடும்பத்தினர் கூறுவதுண்டு. ஊரார் பேச்சும் காவல்துறை குறித்த அச்சமும் இதற்குக் காரணம். இந்த மறைப்பினால் மருத்துவர் தவறான திசையில் தேட நேர்கிறது. ஸ்கேனில் இதயச் செயலிழப்பைக் கண்டவர் மாரடைப்புக்கான சிகிச்சையைத் தொடங்கக்கூடும். முறிமருந்து தருவதற்குரிய நேரம் கைநழுவிவிடும்.

சட்டத்தின் நிலையை அறிந்துகொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், இம்முயற்சியைப் பொதுவாகத் தண்டனைக்குரியதாக்கிய பழைய 309ஆவது பிரிவு இடம்பெறவில்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கில் செய்யப்படும் முயற்சி மட்டுமே அதில் குற்றமாகக் கூறப்பட்டுள்ளது. மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் குறித்துக் காவல் நிலையத்துக்குத் தகவல் அனுப்புவது வழக்கமான நடைமுறை. அந்நடைமுறைக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது; இது தனியார் மருத்துவமனைகளுக்கும் பொருந்தும்.

பிறர் முன்னிலையில் சொல்லத் தயக்கமாக இருந்தால், மருத்துவரையோ செவிலியரையோ தனியே அழைத்துச் சொல்லுங்கள். ‘உறுதியாகத் தெரியாது, ஆனால் அட்டையில் பத்து மாத்திரைகள் குறைகின்றன’ என்னும் ஒரு வாக்கியம் போதும்.

சிகிச்சையில் உங்களுக்கு வியப்பளிக்கக்கூடியவை

மருந்து உட்கொண்டு சிறிது நேரமே ஆகியிருந்து, நோயாளி நினைவுடன் இருந்தால், வயிற்றிலுள்ள மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூள் கரைசல் தரப்படலாம். சிரை வழியாகக் கால்சியம் செலுத்தப்படலாம். இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள் தொடர்ச்சியாகச் செலுத்தப்படும். துடிப்பு மிகவும் குறைந்தால் தற்காலிகப் பேஸ்மேக்கர் பொருத்தப்படலாம். டிகாக்சின் நஞ்சுக்கு அதற்கென உருவாக்கப்பட்ட எதிர்ப்பொருள் உண்டு.

‘சர்க்கரை நோயே இல்லாதவருக்கு ஏன் இவ்வளவு இன்சுலின்?’ என்று நீங்கள் கேட்க நேரலாம். இரத்த அழுத்த மாத்திரைகளுள் சில இதயத்தைத் தளர்த்தும்போது, சர்க்கரையை எரிபொருளாகப் பயன்படுத்தும் ஆற்றலை இதயத் தசை இழக்கிறது. உயர் அளவு இன்சுலினைக் குளுக்கோஸுடன் சேர்த்துத் தருவது அவ்வாற்றலை மீட்டு, இதயம் வலுவாகச் சுருங்க உதவுகிறது. இதன்போது சர்க்கரை அளவும் பொட்டாசியம் அளவும் அடிக்கடி பரிசோதிக்கப்படும். அடிக்கடி விரலில் குத்தி இரத்தம் எடுப்பது இதற்காகவே.

எந்த மருந்தினால் நேர்ந்தது என்று தெரிந்தால்தான் மருத்துவர் இச்சிகிச்சைகளுள் உரியதைத் தேர்ந்தெடுக்க இயலும்.

நலமடைந்த பின்

இவ்வகை இதயச் செயலிழப்பில் ஆறுதலளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மருந்து உடலைவிட்டு வெளியேறும்வரை நோயாளியைக் காப்பாற்றிவிட்டால், இதயம் பெரும்பாலும் தன் பழைய வலுவை மீண்டும் பெறுகிறது. வீடு திரும்புமுன்னும் அதன் பின்னரும் எக்கோ பரிசோதனை செய்து அதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நிறுத்தப்பட்ட இரத்த அழுத்த மாத்திரையை எப்போது, எந்த அளவில் மீண்டும் தொடங்குவது என்பதை மருத்துவரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மாத்திரைப் பெட்டியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில் வையுங்கள். முதியவருக்கு நாள், வேளை குறித்த பெட்டியில் ஒரு வாரத்துக்கானதை மட்டும் எடுத்துவையுங்கள். நிறுத்தப்பட்ட மருந்துகளையும் காலாவதியானவற்றையும் வீட்டில் சேர்த்துவைக்காதீர்கள். மருந்தின் வணிகப் பெயரோடு அதன் மூலப்பெயரையும் கேட்டறியுங்கள். ஒரே மருந்து இருமுறை உள்ளே செல்வது தவிரும்.

மன வேதனையால் மாத்திரை உட்கொண்டவர் வீடு திரும்பும்போது, அவரை விசாரிக்காதீர்கள், குத்திக்காட்டாதீர்கள். அருகில் இருங்கள், பேச விரும்பினால் கேளுங்கள், மனநல மருத்துவரிடம் தொடர்ந்து அழைத்துச் செல்லுங்கள். உங்களுக்கோ உங்களைச் சார்ந்தவருக்கோ அத்தகைய எண்ணம் எழுந்தால், டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி மையத்தை 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இரு சேவைகளிலும் தமிழில் பேசலாம்.

மருத்துவமனைக்குப் புறப்படும் பதற்றத்தில் மறந்துவிடக் கூடாதவை இரண்டு: மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், நடந்ததை நடந்தவாறே மருத்துவரிடம் சொல்லுங்கள்.